ஒன்பது பவுண்ட்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரூஜில், எங்கள் வீட்டு கராஜுக்குள், ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கிற கைத்தராசில் மகன் தன் புது வேட்டைத் துவக்கைக் கொழுவினான். தொலைநோக்கி, தோள்வார், குண்டுப் பை எல்லாம் சேர்த்து ஒன்பது பவுண்ட். அவன் முகம் சுருங்கியது.

“எட்டுக்குள்ள நிக்கவேணும் அம்மா. மானுக்குப் பின்னால நாள் முழுக்க நடக்கவேணுமெல்லே. ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ.”

தூக்கினேன். எண்ணெயும் இரும்பும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தை எட்டு வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

இயக்கத்துக்குப் போன அக்கா ஒரேயொரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். பதினேழு வயது. துவக்கைக் குசினிச் சுவரில் சாத்திவிட்டு, குழம்பை அள்ளி அள்ளி ஊற்றிச் சாப்பிட்டாள். நான் இரண்டு கையாலும் அதைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே குந்திவிட்டேன். அக்கா புரையேறச் சிரித்தாள். சட்டைக் கழுத்து விலகியபோது, வலது தோளில் வார் அறுத்த புண் தெரிந்தது. அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவினார்.

அக்கா திரும்பிப் போக வெளிக்கிட்டபோது, வாசல் படலையடியில்தான் அம்மா வாய் திறந்தார்.

“ஒரே தோளில போடாதை பிள்ளை. மாத்தி மாத்திப் போடு.”

அக்கா பிறகு வரவேயில்லை. ‘போகாதை’ என்று மறிக்காத அம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“பாரமோ அம்மா?” என்றான் மகன்.

“ஓம்” என்றேன். உதெல்லாம் வேண்டாம், போகாதை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் வாரை வலது தோளில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரே தோளில போடாதை” என்றேன்.