“வேற ஏதாச்சும் போடுங்க”

பராக்கூ சந்தையில் போன வாரம் அடி வாங்க இருந்தேன். வாழைப்பழக் கடையில் நின்ற ஒருவரின் மஞ்சள் பனியன் விளிம்பைப் பிடித்துப் புரட்டிவிட்டேன். திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வருஷக்கணக்காக நின்றவனுக்கு எதிரே வரும் ஆளின் முகம் தெரியாது. உள்பக்கத்து ஓவர்லாக் தையல்தான் தெரியும். ஊரில் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரின் பனியனைப் புரட்டிப் பார்ப்போம், அவரும் நம்முடையதைப் பார்ப்பார். இந்த மனிதரோ பிக்பாக்கெட் என்று கூச்சல் போட்டார். என் பக்கத்து வீட்டுக்காரர் பியோ ஓடிவந்து, “திருடர் இல்லை, இந்தியர்” என்று சொல்லி மீட்டார்.

பராக்கூ இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில். நான் இங்கே வந்தது ஜின்னிங் ஆலையில் மெஷின் ஃபிட்டராக. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கி, இந்தியாவுக்கும் அனுப்பும் ஆலை அது. இங்கே எங்கு பார்த்தாலும் பருத்திக்காடு. சந்தையிலோ பணக்கார நாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்த துணி மூட்டைகள். மஞ்சள் பனியனும் அப்படி வந்ததுதான். லேபிளில் இந்தியா என்றிருந்தது, தையல் எங்கள் ஊர்த் தையல். எங்கோ ஒருவர் உடுத்திச் சலித்த பிறகு அதைப் பருத்தி விளையும் ஊர்க்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். இதை பியோவிடம் சொல்லி, தையலைப் பார்க்கும் விதத்தையும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பியோ பருத்தி விவசாயி. இந்த வாரம் முழுக்க அவர் ரேடியோவை விட்டு நகரவில்லை. மெக்ஸிகோவில் உலக நாடுகள் வர்த்தகம் பேசக் கூடியிருந்தன. பெனினும் மாலி, சாட், புர்கினா ஃபாஸோவும் சேர்ந்து அமெரிக்காவை எதிர்த்து நின்றன. உன் விவசாயிகளுக்கு நீ அள்ளிக்கொடுக்கும் மானியத்தால் உலகச் சந்தையில் எங்கள் பருத்தி விலை போகவில்லை, அதை நிறுத்து, நிறுத்தும்வரை நஷ்டஈடு கொடு என்பது அவர்கள் கேட்டது. நியாயம் கிடைத்தால் அடுத்த மழைக்கும் பியோ பருத்தி விதைப்பார். இல்லையென்றால் குடும்பத்தை விட்டுவிட்டு நைஜீரியாவுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

மாநாட்டிலிருந்து வந்த பதிலைக் கேளுங்கள். மானியத்தை நிறுத்துவதாக ஒரு வார்த்தை இல்லை. பருத்தியையே நம்பியிருக்கும் நாடுகள் வேறு வழிகளையும் பார்க்க உதவலாமாம்! என்ன திமிர்! தப்பு செய்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனுக்குப் புத்தி சொல்கிறார்கள். இதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஊரில் கணியூர்ப் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருந்தது. வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக வந்திறங்கிய ஒரு வருஷம், அப்பாவின் பருத்தியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காத வியாபாரி சொன்னார்: “ஏனுங்க, பருத்தியவே எதுக்குக் கட்டீட்டு அழுவுறீங்க? வேற ஏதாச்சும் போடுங்க.” அப்பா எதுவும் போடவில்லை. பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

பேச்சுவார்த்தை முறிந்த அன்று தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். திருப்பூர் அருள்புரத்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்.

“சேதி கேட்டீங்களா மச்சான்? இனிப் பருத்தி வெல ஏறாதுன்னு பேசிக்கறாங்க. நூல் வெல கொறஞ்சா நமக்கு நல்லதுதானுங்களே!”

“இங்க பருத்தி போட்டவங்க என்னங்க மாப்ள பண்ணுவாங்க?”

“அவங்க வேற ஏதாச்சும் போடட்டுமுங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கம்பெனியில்தான் என் தங்கை வீட்டு அடுப்பு எரிகிறது. நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய ஓவர்லாக் மெஷினும் அங்கேதான் ஓடுகிறது. போனை வைத்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது ஆளைத் தூங்கவிடாது.

காலையில் பியோ வந்தார். பருத்தி எடுத்து முடிந்ததும் நைஜீரியாவுக்குக் கிளம்புவதாகச் சொன்னார். பிறகு, “நீங்களும் பருத்தி ஊர்க்காரர்தானே, உங்கள் அப்பா அதை விட்டுவிட்டு என்ன விதைத்தார்?” என்று கேட்டார். வாட்ச்மேன் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர், மாப்பிள்ளை தன் கம்பெனியில் தைத்துக் கொடுத்தனுப்பிய என் பனியனின் விளிம்பைப் பிடித்து, நான் காட்டிக்கொடுத்தபடியே புரட்டினார்.

“இதில் என் பருத்தி இருக்கிறதா?”

“இருக்கலாம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, விளிம்பை விடவும் இல்லை. அருள்புரத்துத் தையலைப் பிடித்தபடி அவர் நின்றார். அந்தப் பனியனுக்குள் நான் நின்றேன்.