பம்புக்கு லீவு

அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, மாமா, நான். பக்கத்துப் படகு ஆன்ட்டியும் அவருடைய சாம்பல் நிறப் பூனையும் பாதி நேரம் எங்கள் படகில்தான் கிடப்பார்கள் என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்துக்குள் சரஸ்வதி. வேறு யாரும் கிடையாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாண வீடுகளில் இந்தக் கதை கிளம்பும்போது, தானும் அன்றைக்குக் கூட இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது ஒரு பஸ் கொள்ளாது.

இங்கிலாந்தில் வாய்க்கால்களில் ஓடுமாமே, அந்த மாதிரி ஒடுக்கமான நீளப் படகு அது. அங்கே பிறந்த ஒருவர் ஊர் ஏக்கத்தில் இரும்பை வாங்கித் தானே கட்டியது. ஏக்கம் முற்றி ஊருக்கே திரும்பியபோது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். எங்களுக்கு கிரீன் கார்டு வந்த சமயம். நாங்கள் இருந்த கலிபோர்னியா லிவர்மோரில் எங்கள் வயசுக் குழந்தைகளின் அப்பாக்களெல்லாம் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். "ஊர்ல இருக்கறவங்கல்லாம் வீட்டை வாங்கறாங்க. இவர் துருவை வாங்கிட்டு வந்திருக்கார்" என்று அம்மா கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

காற்றாலைகள் நிற்கும் மலைகளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் டெல்டா. ஆறுகள் கடலுக்குப் போக மனசில்லாமல் நூறு கிளையாகப் பிரிந்து கோரைப்புல்லுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இடம். அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "எங்க டெல்டாவுல தண்ணி வராது. இந்த டெல்டாவுல தண்ணி போகாது" என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் துருவைச் சுரண்டுவார், கறுப்பு பெயின்ட் அடிப்பார், நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கு ஏற்ற மாதிரி கயிறுகளைத் தளர்த்திக் கட்டுவார். நான் அவர் பின்னாலேயே சுற்றி, எது எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கவலைப்படுவதில் மட்டும் நாற்பது. இன்றைக்கும் அப்படித்தான், இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். படகில் என் பெரிய கவலை, பின்பக்கம் எஞ்சினிலிருந்து, தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு. அது படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழும்.

"சொட்டணும்டா கண்ணு. சொட்டினாத்தான் தண்டு சூடாகாம இருக்கும். அதிகமாச் சொட்டினா ஸ்பேனர் போட்டு ஒரு திருகு. அவ்வளவுதான்."

"உள்ள வர்ற தண்ணி?"

"அதை வெளிய தள்ளத்தானே பம்ப் இருக்கு."

அந்த பம்ப் பின்பக்கத் தரைப்பலகைக்கு அடியில் இருந்தது. தண்ணீர் சேர்ந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். ஊம்ம்ம் என்று ஒரு முனகல், பிறகு வெளியே ஆற்றில் சளசளவென்று தண்ணீர் விழும் சத்தம், பிறகு மௌனம். படகில் தங்கும் நாட்களில் அந்த முனகலை ஒரு தடவையாவது கேட்காமல் நான் கண்ணை மூடமாட்டேன்.

சரஸ்வதி பூஜை வாரநாளில் வந்தால் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். அந்த வருடம் அப்பா, படகுக்கும் ஆயுத பூஜை செய்யவேண்டும் என்றார். புத்தகம் ஒரு இடம், ஆயுதம் ஒரு இடம் என்று பிரிக்கக்கூடாது என்றாள் அம்மா. ஆக, எங்கள் பள்ளிப் புத்தகங்கள், அக்காவின் வயலின், குக்கர், சுண்டல், சரஸ்வதி எல்லாம் காரில் ஏறி மலையைத் தாண்டின. மாமாவும் ஏறினார். அம்மாவின் தம்பி. சென்னையிலிருந்து ப்ராஜக்ட்டுக்கு வந்து எங்கள் ஹால் சோபாவில் குடியிருந்தவர்.

மதியம் படகை அவிழ்த்து ஒரு சுற்றுப் போனோம். அதை எப்படிச் சொல்ல? நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும் படகு. கரை நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்று தெரியாது. கோரைக்குள்ளிருந்து நீலக் கொக்கு ஒன்று எழும்பி, எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் பறந்து உட்காரும். நெருங்கினால் மறுபடி எழும்பும். அப்பா பின்னால் நின்று சுக்கானைத் தொடையால் அணைத்துப் பிடித்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. அவர் அவ்வளவு நேரம் ஒன்றுமே பேசாமல் சிரித்த முகமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாகூட மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, துரு என்ற வார்த்தையையே சொல்லாமல் வந்தாள்.

திரும்பிக் கட்டியதும் பூஜை. எஞ்சினுக்கு அருகில், பின்பக்கப் பெஞ்சில் சரஸ்வதி. கீழே தரையில் புத்தகங்கள், பக்கத்தில் அப்பாவின் ஸ்பேனர், சுத்தியல், வாளி வரைக்கும் சாமந்திப்பூவோடு. மாமா குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படகு முழுக்கப் பொட்டு வைத்தார். சுக்கான், எஞ்சின், மைக்ரோவேவ், கக்கூஸ் கைப்பிடி.

"டேய், அதுக்குமாடா?" என்றாள் அம்மா.

"அதுதான்க்கா முக்கியமான ஆயுதம்."

"யூ கைஸ் ஆர் ஸோ வியர்டு" என்றாள் அக்கா.

கடைசியாக மாமா பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கப் போனார். "அதை விடு மாப்ள, அங்க வேண்டாம்" என்றார் அப்பா. அதற்குள் மாமா தூக்கிவிட்டார். கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு பலகையை மெதுவாக மூடி எழுந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். மாமாவின் விரல் நுனியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதை அவர் என் நெற்றியில் வைத்துவிட்டார்.

சொட்டு அதிகமாகியிருந்ததை நான்தான் கவனித்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார்.

"ஏங்க! பூஜையில வச்சதைத் தொடாதீங்க. காலையில எடுத்துக்கலாம்."

"ஒரே ஒரு திருகு..."

"வருஷத்துல ஒரு நாள். ஒரு நாளாவது அதுங்களை விடுங்களேன்."

அப்பா பூவுக்கடியில் இருந்த ஸ்பேனரையும் வாளியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

படுத்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஊம்ம்ம் வரவில்லை. "அப்பா, பம்ப் சத்தம் வரலையே" என்றேன். அடுத்த கட்டிலில் மாமா புரளும் சத்தம் கேட்டது.

"அதையும் பூஜையில வச்சிருக்குல்ல. அதுவும் தூங்குது" என்றார் அப்பா.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் புத்தகங்களுக்கே லீவு விட்டிருக்கும்போது பம்ப் மட்டும் ஏன் வேலை பார்க்க வேண்டும்?

விடிந்தபோது கூரை முழுக்க வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. ஆற்று வெளிச்சம் தினமும் நெளியும். ஆனால் அன்றைக்கு அது படகுக்குள்ளிருந்தே வருவது போலிருந்தது. எழுந்து நடந்தேன். தரை பின்பக்கமாகச் சரிந்திருந்ததால் கால்கள் தானாகப் போயின. கணுக்கால் சில்லென்றது. சாமந்திப்பூக்கள் மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்தன. வாழைப்பழம் ஒன்று எங்கேயோ போவது போலப் போயிற்று. என்னுடைய கணக்குப் புத்தகம் விரிந்து, மிதந்து, ஒவ்வொரு பக்கமாகத் தன்னைத்தானே புரட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மேல் சரஸ்வதி உலர்ந்த பாதங்களோடு வீணை வாசித்தாள். வாழ்க்கை முழுக்க எதுவும் ஆகிவிடுமோ என்று பயந்தவளுக்கு, ஆகியே விட்ட அந்தச் சில நிமிடங்கள் பயமே வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

பிறகு அம்மாவின் கூச்சல் கேட்டது.

"மூழ்குதுங்க! பிள்ளைங்களை வச்சுக்கிட்டு மூழ்குது! பம்ப் என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

அப்பா முழங்கால் தண்ணீரில் எஞ்சினுக்கு அருகே நின்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்க்கா" என்றார் மாமா, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டே. "எல்லா மெஷினுக்கும் ரெஸ்ட் குடுக்கணும்னு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன். பம்புக்கும் சேர்த்து லீவு விட்டுட்டேன்."

அம்மா திரும்பினாள். "அறிவிருக்காடா உனக்கு? கம்ப்யூட்டர் படிச்சியா, கழுதை மேய்ச்சியா? பம்புக்கு லீவு விடறானாம்! மூச்சுக்கும் லீவு விடேன் ஒரு நாள்!"

திட்டிக்கொண்டே வாளியை எடுத்தாள். எல்லோரும் இறைத்தோம். பக்கத்துப் படகு ஆன்ட்டி கையால் அடிக்கும் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். படகின் பின்பக்கம் தூக்கம் கலைந்த எருமை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. நடுவில் ஆன்ட்டி என்னிடம், உன் அப்பா நல்ல உழைப்பாளி, தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வாளியால் இறைக்கிறாரே, என் பூனை அவர் டப்பாவின் தயிர் சாதத்துக்கு அடிமை ஆகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னார். தினமும் காலையில் அப்பா சான் ரமோன் ஆபீசில் அல்லவா இருப்பார்? ஆன்ட்டிக்கு வயசாகிவிட்டது, வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பம்ப் ராத்திரியோடு கெட்டுப்போச்சு என்று சொல்லி, அன்று மதியமே மாமா கடைக்குப் போய் புது பம்ப் வாங்கிவந்தார். "அவன் பண்ணினதுக்கு அவனே வாங்கட்டும்" என்றாள் அம்மா. அப்பா அதைப் பொருத்திவிட்டு, வயரைப் பார்த்தபடியே, "சம்பளம் வந்ததும் தந்துடறேன் மாப்ள" என்றார் தாழ்ந்த குரலில். மாமா செய்த தப்புக்கு அப்பா ஏன் காசு தரவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், அப்பாவின் கம்பெனி பல வாரங்களுக்கு முன்பே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது வீட்டில் தெரிந்தது. பனிக்காலத்தில் படகு வேறு யாருக்கோ போயிற்று. மாமா எல்லா விசேஷங்களிலும் 'பம்புக்கு லீவு விட்டவர்' ஆனார். நானும் சிரித்திருக்கிறேன்.

பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு, பிற்பாடு டெக்சாஸில் கேட்டி என்ற ஊர்ப் பக்கத்தில் படகுகள் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை கிடைத்தது. வயர் இழுப்பேன். முதல் வாரத்திலேயே முதலாளி ஒன்று சொல்லிக்கொடுத்தார்: அடித்தண்ணீர் பம்பை மெயின் சுவிட்சோடு சேர்க்கவே கூடாது, பாட்டரியிலிருந்து நேராக வரவேண்டும், சுவிட்சை அணைத்தாலும் அது ஓடவேண்டும். கையில் வயரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் படகிலும் வயர் அப்படித்தான் போனது. அப்பாவின் பின்னாலேயே சுற்றியவளுக்கு அது கண்ணுக்குள் நின்றது. அன்றைக்கு மாமா பலகையைத் தூக்கியபோது, பொட்டு வைக்க அங்கே பம்பே இல்லை. புதுசு வாங்க வழியில்லாமல்தான் அப்பா தினமும் காலையில் வாளியால் இறைத்திருக்கிறார்.

மத்தியான இடைவேளையில் அம்மாவுக்குப் போன் போட்டு, மெதுவாகச் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அன்னைக்கே தெரியும்டி. வீட்டுல ஒரு பல்பு போனாலும் என்னைக் கூப்பிடறவன் அவன். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஏம்மா மாமாவை அந்தத் திட்டு திட்டின?"

"வேற யாரைத் திட்டச் சொல்ற, உங்கப்பாவையா?"

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அப்பா பணத்தை எடுத்து நீட்டுவார். மாமா அவர் கையை மடக்கிவிடுவார். "நான் லீவு விட்ட பம்ப் அத்தான், நான்தான் கட்டணும்."

இன்றைய தேதிவரை பாக்கி, எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட்.