புன்னையடியில் கழற்றிய செருப்புகள்

மாரி மழை விட்ட காலையில் இலந்தைத்தீவின் மணல் வெறுங்காலுக்கு எப்படிக் குளிரும் என்பதை, இப்போது வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டு நடக்கிற நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் குளிர் கணுக்கால் வரை ஏறும்; பின்னாலேயே ஓர் இலந்தை முள்ளும் ஏறும்; முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுவோம். எங்கள் தீவில் யாரும் செருப்புப் போடுவதில்லை. கடலோரத்தில் ஓர் “அவுலியா” அடங்கியிருக்கிறார், அவர் அடங்கிய மண்ணைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் வைத்த ஒழுங்கு. இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்துக்கு, அதாவது “சியாரத்துக்கு” மட்டும் உரிய மரியாதையைத் தாராள மனதோடு தீவு முழுவதற்கும் நீட்டிவிட்டிருந்தார்கள்.

கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து தெற்கே வந்தால், களப்பு என்னும் உப்பங்கழி கடலைத் தொடப்போகிற இடத்தில் இருந்தது அந்தத் தீவு. ஒரு பாதியில், சுனாமியாகக் கடல் எழும்பி வந்த வருடத்துக்குப் பிறகு திருத்திக் கட்டிய எங்கள் வீடுகள். மறு பாதியில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஓலைக் குடில்கள், நாங்கள் “கபானா” என்போம். பெருநாள் விடுமுறையில் கல்முனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் சனம் சோற்றுப் பார்சலும் பிள்ளை குட்டியுமாகத் தீவு பார்க்க வந்துவிடும். வாப்பாதான் எஞ்சின் தோணி ஓட்டினார். வருகிறவர்கள் எல்லோரும், வெள்ளைக்காரர் உட்பட, இறங்குதுறையில் நின்ற புன்னை மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் தீவு ஆட்களின் செருப்புகள் அக்கரையில் தேத்தண்ணிக் கடையில் கிடக்கும். ஆகவே புன்னையடியில் கிடப்பதெல்லாம் வந்தவர்களுடையதுதான். பின்னேரம் கடைசித் தோணியை எடுக்குமுன் வாப்பா அந்த மரத்தடியை ஒரு தரம் பார்ப்பார். செருப்புக் கிடந்தால் ஆள் இருக்கிறது, காத்திருப்பார்; கிடக்காவிட்டால் எல்லோரும் போயாகிவிட்டது.

“ஆள எண்ணினா பிழை வரும், செருப்பப் பாத்தா பிழை வராது” என்று சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புன்னையடிச் செருப்பை மாற்றிப் போட்டவர் கூட இல்லை என்பதால் அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். தொட்டால் கால் வழங்காமல் போய்விடும் என்று எங்களைப் பயங்காட்டி வைத்திருந்தார்கள். நான் தொட்டேன். என் கால்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் மாரியில் வந்தது. வெள்ளைக்காரர் வராத காலம், கபானா பூட்டிக் கிடந்தது. நிந்தவூரிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் சியாரத்துக்கு வந்தது. அதில் ஒருத்தி எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தாள். ஜெஸீமா என்று பெயர். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், வெள்ளைப் பர்தாவும் வாய் ஓயாத பேச்சும். உம்மா தண்ணீரோடு பெருநாளுக்குக் கிண்டிய தொதல் இனிப்பும் கொடுத்தார். “ஒரு மாப்பிள்ள கிடைக்கட்டும் எண்டு நேர்ச்ச வெச்சிரிக்கன் ராத்தா, யாசீன் ஓதி முடிக்காம எழும்ப மாட்டன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் ஓடினாள்.

நான் அவள் முகத்தைவிட அவள் புன்னையடியில் விட்டுவந்த செருப்பைத்தான் நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன். சிவப்பு, வாரில் கண்ணாடிக் கல் பதித்தது, இரண்டு விரல் உயரக் குதி. பின்னேரம் துறையில் ஆளில்லாத நேரம் பார்த்து அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, குசினிக்குப் பின்னால் போட்டு ஒரு சுற்று நடந்தேன். ஒரே ஒரு சுற்றுத்தான். திரும்பக் கொண்டுபோய் வைக்கிற எண்ணம் சத்தியமாக இருந்தது. அதற்குள் உம்மா கூப்பிட்டுவிட்டார். பெருநாள் இராத்திரிக்குத் தீவே காலியாகி ஊரிலுள்ள சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது எங்கள் வழக்கம், கபானாக் காவல்காரர் உட்பட. துறையில் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். செருப்பை என் உடுப்புப் பையின் அடியில் திணித்தேன்.

அந்தி மஹ்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வாப்பா புன்னையடியைப் பார்த்தார். “ஒரு சோடியும் இல்ல. எல்லாரும் போய்ட்டாங்க, ஏறுங்க” என்றார். ஏறினோம். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு தீவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பாதித் தூரம் போயிருப்போம், புன்னையடியில் வெள்ளையாக ஏதோ வந்து நின்றது. கொக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொக்கு கையை உயர்த்தி ஆட்டாது. எஞ்சின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, மற்றவர்கள் எல்லோரும் ஊரைப் பார்த்து இருந்தார்கள். “வாப்பா” என்று ஒரு சொல் சொன்னால் தோணி திரும்பும், திரும்பினால் அவள் செருப்பைத் தேடுவாள், தேடினால் என் பை திறக்கும். நான் சொல்லவில்லை.

தண்ணீர் வற்றிய நாட்களில் கடலோர மணல்மேட்டின் வழியே இடுப்பளவு நீரில் அக்கரைக்கு நடந்து போகலாம், வந்து போகிற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு மத்தியானம், வயல்கள் வெள்ளத்தில் அழுகுகின்றன என்று வேளாண்மைக்காரர்கள் அந்த மேட்டை வெட்டி “ஆத்துவாயைத்” திறந்துவிட்டிருந்தார்கள். களப்பு முழுதும் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளோடு வந்தவர்கள் அவள் முந்திய தோணியில் போயிருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அவளுடைய உம்மாவும் நாலைந்து ஆண்களும் தீவுக்கு வந்தார்கள். வாப்பா புன்னையடியில் நின்று, “வல்லாஹி, கடைசித் தோணி எடுக்கக்குள்ள இதில ஒரு சோடிச் செருப்பும் இரிக்கல்ல” என்று அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்தார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். செருப்பை அதற்கு முன்பே, இராத்திரி தங்கிய மாமி வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் விட்டிருந்தேன். வேறு ஊராக இருந்தால் தீவையும் களப்பையும் அலசியிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் புன்னையடியும் வாப்பாவின் சத்தியமும் போதுமாக இருந்தது. செருப்பு இல்லை, ஆகவே அவள் கரையேறிவிட்டாள். கரையேறியவள் வீட்டுக்கு வரவில்லை என்றால் எங்கே போயிருப்பாள்? சைக்கிளில் துணி விற்க வந்துகொண்டிருந்த வெளியூர்க்காரன் ஒருவன் அந்த மாதத்தோடு வராமல் போனதும் கதை முடிந்தது. “புதுச் செருப்பையும் போட்டுக்கிட்டெல்லவா ஓடியிரிக்காள்” என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அவளுடைய பேரை நான் அப்படிக் கெடுத்தேன்.

பிறகு ஒரு கொம்பனி தீவை வாங்க வந்தது, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு ஊருக்குள் வீடு கட்டினார்கள். வாப்பா நோயில் கிடந்த நாட்களில் பலமுறை சொல்ல வாயெடுத்தேன். தன் சத்தியம் சரியானது என்ற நம்பிக்கையோடேயே அவர் மௌத்தானார். நானும் அதைக் கெடுக்கவில்லை.

சென்ற வருடம் கணவரின் அலுவலக ஆட்களோடு விருந்தாளியாக இலந்தைத்தீவுக்குப் போனேன். துறையில் ஒரு பையன் எங்கள் பெயர்களை எழுதி, மிதக்கும் சட்டை மாட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணினான். திரும்பும்போது ஓர் ஆள் குறைய, படகை நிறுத்திவைத்து இருபது நிமிடம் தேடினார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கழிப்பறையில் இருந்தார். எல்லோரும் அவரைக் கேலி செய்து சிரித்தார்கள். நான் அந்தப் பையன் கையிலிருந்த பெயர்த்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிந்தவூருக்குப் போய் விசாரித்து ஜெஸீமாவின் உம்மாவைக் கண்டுபிடித்தேன். மெலிந்து, கண் மங்கி, ஒரு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யாருடைய மகள் என்பதைச் சொன்னேன், செருப்பை எடுத்ததைச் சொன்னேன், அவள் ஓடிப்போகவில்லை, ஆத்துவாயில்தான் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஏசுவார், அடிப்பார், அல்லது மகள் மானம் மீண்டதென்று அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“என்ட மூத்தவனக் கடல் கொண்டு போச்சி மகள்,” என்றார். “இவளயாச்சும் ஒருத்தன் கூட்டிக்கிட்டுப் போனான், எங்கயோ புள்ள குட்டியோட இரிக்காள் எண்டுதான் நான் கிடந்தன். சனம் கதச்சது எனக்கு வலிக்கல்ல. இனி நான் என்னத்த நினைச்சிக்கிட்டுக் கிடக்கிற?”

என் பாரத்தை இறக்கி வைக்கப் போய், அவர் இத்தனை வருடமும் உயிரோடு வைத்திருந்த மகளைக் கொன்றுவிட்டு நின்றேன். எழும்பப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அல்லாவுக்காகச் சொல்லு மகள். தோணி போகக்குள்ள அவள் கரைக்கு வந்து நிண்டாளா? ஒருத்தரும் காணல்லயா?”

“வல்லாஹி, ஒருத்தரும் காணல்ல உம்மா” என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். அந்த வாரமே ஜெஸீமாவுக்காக, இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை முதல் முறையாக ஓதியதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு மாதத்தில் அவரும் மௌத்தாகிவிட்டார். இன்றைக்குத் தீவில் எங்கள் வீடுகள் இல்லை, புன்னை நின்ற இடத்தில் சீமெந்துத் துறை இருக்கிறது, சியாரத்தைச் சுற்றிப் புல் வளர்த்து வேலி போட்டிருக்கிறார்கள், விருந்தாளிகள் செருப்புக் காலோடு அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த இரண்டு சத்தியங்களையும் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். வாப்பாவின் சத்தியம் சொல்லுக்குச் சொல் உண்மை, அது ஒரு பொய்யைத் தாங்கி நின்றது அவருக்குத் தெரியாது. நான் அறிந்தே பொய்ச் சத்தியம் செய்தேன்.