கோவிந்தனின் அஞ்சல் பெட்டி

பேய்க்கதை சொல்பவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டே வாயடைத்தவன் நான். கணிதம் படித்தவன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

பிஜித் தீவின் தலைநகர் சுவாவில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. அது நின்றுபோனால் வேலையை எடுத்துக்கொள்ள, நகரின் இன்னொரு பகுதியான சமபுலாவில் என் வீட்டு முன்னறையில் இன்னொன்று. மணிக்கொருமுறை தொலைபேசிக் கம்பி வழியாக இரண்டும் தானாகவே ஒன்றையொன்று ஒத்துப் பார்த்துக்கொள்ளும். அங்கே வந்தது இங்கேயும் வரும், அங்கே அழித்தது இங்கேயும் அழியும்.

என் தங்கை புருஷன் கோவிந்தனும் அதே அலுவலகம்தான். எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு எதிராக நடந்த முந்தைய ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள், அவனும் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். தினமும் கேட்பான்.

"ஏதாச்சும் வந்துச்சா மச்சான்?"

"வரல மாப்பிள்ள."

"என் போட்டோவப் பாத்து பயந்துட்டானுங்க போல."

உண்மையில் வந்திருந்தது, வேலை தருவதாக. ஒரு வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். தங்கையையும் பிள்ளைகளையும் பிரிய மனமில்லாமல் நான்தான் அதை அழித்தேன். வீட்டுச் சர்வரிலும் அது போய்விட்டதா என்று காத்திருந்து பார்த்தேன்; போயிருந்தது.

சில வாரங்களில் துப்பாக்கிக்காரர்கள் மறுபடி ஆட்சியைப் பிடித்தார்கள். அன்று பகலிலேயே எங்கள் ஆட்களின் கடைகளைக் கும்பல் கொளுத்தியது. அலுவலகமும் எரிந்தது. கோவிந்தன் உள்ளே இருந்தான்.

தகனம் முடிந்த மறுநாள், ஊரடங்கு, நல்ல வெயில். அவனுக்கு எழுதுபவர்களுக்குத் தகவல் சொல்லலாம் என்று வீட்டுச் சர்வரில் அவன் பெட்டியைத் திறந்தேன். நான் அழித்த அந்த ஆக்லாந்துக் கடிதம் இருந்தது, படித்தாகிவிட்டது என்ற குறியோடு. அழித்தேன். மணி ஒன்று ஆனதும் திரும்ப வந்தது. அனுப்பியது அலுவலகச் சர்வர் என்று பதிவு காட்டியது. அது உருகிக் கரியாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு மணிக்கும் வந்தது, நம்பினால் நம்புங்கள், இந்த முறை கூடவே ஒரு பதிலும் இருந்தது. அன்றைய தேதி. கோவிந்தனுடைய அதே அவசர ஆங்கிலம். நன்றி சொல்லிவிட்டு, என் மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடிவு சொல்கிறேன் என்று எழுதியிருந்தான்.

அந்த இயந்திரத்தை அன்றே கோடாரியால் உடைத்தேன். தங்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவனும் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் மனைவிதான் எடுக்கிறாள். அழைத்தவர் யார் என்று அவள் சொல்லும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.