குப்பம்மாளின் ஜெர்மன் வில்லை

ஒலக்கூர்ப் பக்கத்தில் குப்பம்மாளைச் சாது என்று யாரும் சொன்னதில்லை. பண்ணையார் விருத்தாசலம் ஒருவர்தான் அப்படி நம்பிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. 1931இல் அவருடைய கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து, குப்பம்மாளின் புருஷன் பூமாலை செத்துப்போனான். காரியம் முடிந்த மறுநாள் பண்ணையார் அவளைக் கூப்பிட்டு, ராஜா தலை போட்ட மஞ்சள் வில்லை ஒன்றைக் கையில் போட்டார்.

"பவுனுடி. பத்திரமா வெச்சிக்க."

அவளும் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு அழவே தெம்பில்லை. சந்தேகப்பட எங்கே போவாள்?

பதினோரு வருஷம் அதைத் துணியில் முடிந்து கேப்பைப் பானைக்குள் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து மஞ்சள் பூசி, பூமாலை பேரைச் சொல்லிக் கும்பிடுவாள். பூசப் பூச நிறம் ஏறிக்கொண்டே வந்தது. அது தங்கத்தின் நிறமா, மஞ்சளின் நிறமா என்று யார் பார்த்தார்கள்?

1942இல் பண்ணையாரிடமிருந்து ஆள் வந்தது. அவள் குடிசை இருக்கும் இடத்தில் வேர்க்கடலை காயப்போட மல்லாட்டைக் களம் போடப்போகிறாராம், தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டுமாம். மாமனார் காலத்திலிருந்து குடியிருக்கும் மனைதான், ஆனால் பத்திரம் பண்ணையார் பேரில். குப்பம்மாள் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. பவுனை விற்று மூன்று சென்டாவது சொந்தமாக வாங்கிவிடுவது, இனி எவன் மண்ணிலும் குந்துவதில்லை என்று முடிவு கட்டினாள். திண்டிவனத்து நகைக்கடைகளெல்லாம் பண்ணையாருக்கு வேண்டியவை. ஆகவே ரயிலேறி விழுப்புரம் போனாள்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே அமீர் பாட்சா பழைய வெள்ளியும் செல்லாத நாணயங்களும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். வாலிபத்தில் ஜெர்மன் கப்பல் ஒன்றில் கரி அள்ளிப்போட்டவர். அவர் முதலில் புளி போட்டுத் தேய்த்து மஞ்சளைக் கழுவினார். விளிம்பை நகத்தால் நெருடினார். உரைகல்லில் ஒரு கோடு இழுத்துத் திராவகம் ஒரு சொட்டு விட்டார். கோடு பச்சையாய் நுரைத்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தைப் படித்தார்.

"இது பவுன் இல்லம்மா. பவுனுக்கு விளிம்புல வரி இருக்கும், இது மழமழன்னு கீது. எழுத்தும் இங்கிலீஷ் இல்ல, ஜெர்மன். தலை அவுங்க ராஜா தலை. ஏதோ ஒரு பாலம் தொறந்த நெனப்புக்காக அடிச்சிருக்காங்க, 1894ன்னு வருசம் போட்டிருக்கு பாருங்க. இதையே வெள்ளியில அடிச்சிருந்தா கேக்க ஆளுண்டு. இது பித்தளை, மேல முலாம். நம்ம மயிலம் தேருல விக்கிற சாமான் மாதிரி."

"என்னா பெறும் பாய்?"

"எடைக்குப் போட்டா ஒரணா."

குப்பம்மாள் வில்லையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பித்தளையைக் கும்பிட்டது போகட்டும். ஒரு மனுஷன் உயிருக்கு ஒரணாவா? அவரிடமே திருப்பி நீட்டி, "இதுல ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க பாய்," என்றாள்.

"ஓட்டை போட்டா அந்த ஒரணாவும் போயிடும்மா."

"போவட்டும். போடுங்க."

மறுநாள் கறுப்புக் கயிற்றில் கோத்து, எல்லார் கண்ணிலும் படும்படி சேலைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு களை எடுக்கப் போனாள். என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "எங்கூட்டுக்காரரு உசுருக்குப் பண்ணையாரு குடுத்த பவுனு. பித்தளை." சந்தையிலும் அதையேதான் சொன்னாள். பண்ணையார் மகளைப் பெண் பார்க்கக் காணை ஊரிலிருந்து வந்தவர்கள் வண்டியை நிறுத்தி வழி கேட்டபோது, வழியோடு சேர்த்து இதையும் சொல்லி அனுப்பினாள். பெண்ணுக்குப் போடும் நகைகளை உரைத்துப் பார்த்த பிறகே தாம்பூலம் மாற்றுவோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். பண்ணையாருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. நல்லா வேணும்.

பண்ணையாரின் கணக்குப்பிள்ளை சீனுவாசன் ஓடிவந்தார். "ஏ குப்பம்மா, ஜெர்மன்காரனோட சண்டை நடக்குது தெரியுமா? அது எதிரி ராஜா தலை. போலீஸ்ல சொன்னா உள்ள போட்டுடுவாங்க."

"சொல்லுங்க சாமி. யாரு குடுத்ததுன்னு போலீசு கேக்குமில்ல?"

சீனுவாசன் வந்த வழியே போனார். அடுத்த தடவை பத்து ரூபாயோடு வந்தார், பிறகு ஐம்பது, பிறகு நூறு. சங்கதி விழுப்புரம் வரை போய்விட்டது. அமீர் பாட்சா விழுந்து விழுந்து சிரித்தாராம்: "நான் வாங்குற வெலையத்தான் சொன்னேன். குடுத்தவன் திரும்ப வாங்குற வெல எனக்கு எப்பிடித் தெரியும்?"

குப்பம்மாள் பணத்தைத் தொடவில்லை. "நான் இருக்குற மனைய என் பேருல எழுதச் சொல்லுங்க. அப்புறம் இது என் கழுத்துல தொங்காது," என்றாள். அதைத் தவிர வேறு எதற்கும் அவள் வாக்குக் கொடுக்கவில்லை.

திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் கைநாட்டு வைத்தாள். பத்திரத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிய பிறகு, சொன்னபடியே கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பண்ணையார் கையை நீட்டினார்.

"குடு அதை."

இத்தனை வருஷமும் வாய் நிறைய "ஆண்டே" என்று கூப்பிட்டவள், அன்றைக்கு அந்தச் சொல்லைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை.

"கழுத்துல போட மாட்டேன்னுதான் சொன்னேன். வாசப்படிக்கு மேல ஆணி அடிச்சி மாட்டப் போறேன். அது இப்ப என் வூடு."