ஜீனத் லாத்தா வழுக்கி விழவில்லை

ஜீனத் லாத்தா மவுத்தாகிவிட்டார். முந்தாநாள், மாலை அஸர் தொழுகை நேரத்தில்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக வாட்ஸப்பில் சுற்றும் மெசேஜை தயவுசெய்து யாரும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அவரை அடித்துக் கொன்றது அவருடைய கணவர்... கணவன்.

இது உம்மாவின் ஃபேஸ்புக் பக்கம். எழுதுவது அவருடைய மகள், பதினொன்றாம் வகுப்பு. "என்னால ஆகாது, நீ எழுது பிள்ள" என்று போனைத் தந்துவிட்டார்.

மேலப்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அடி விழுகிற சத்தம் எங்கள் மிக்ஸி சத்தத்தையும் தாண்டி வரும்.

லாத்தா என்று கூப்பிட்டாலும் கூடப் பிறந்த அக்கா இல்லை. சீவலப்பேரிப் பக்கம் வயல்வேலை செய்து வளர்ந்தவர். ஓதும் பள்ளிக்குப் போக வாய்க்கவில்லை. கல்யாணமாகி இங்கே வந்தபோது தொழத் தெரியாது.

போன வருடம் ஒரு நாள், பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்தபடியே கேட்டார். "நீ எந்நேரமும் புக்கும் கையுமால்லா இருக்க. எனக்குத் தொழச் சொல்லித் தாயேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர் ஆகிவிட்ட மாதிரி...

அஸரில் தொடங்கினோம். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் சுற்று ஒரு ரக்அத்; அஸருக்கு நான்கு. பீடி இலை வெட்டிக்கொண்டே, ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் சூரா பாத்திஹாவை மனப்பாடம் செய்தார். கத்தரி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதில் உள்ளங்கையை விரிக்காமல் முஷ்டியை ஊன்றினார். "கையை விரிச்சு வைக்கணும் லாத்தா, அதான் சட்டம்" என்றேன். விரித்தார். மணிக்கட்டு நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"ஒன் சட்டத்துக்கு என் கையத் தெரியாது பிள்ள. அல்லாவுக்குத் தெரியும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாம் பழகிய பிறகு ஒரு கேள்வி. "தொழுகையிலயே ரொம்ப நீளமானது எது?"

ராத்திரித் தொழுகை, இஷா என்றேன். நஃபில் தொழுகை என்று கூடுதலாக எவ்வளவு வேண்டுமானாலும் தொழலாம் என்றும் மூச்சுவிடாமல் விளக்கினேன். ஏன் கேட்டார் என்று யோசிக்கவில்லை.

உம்மா கொடுத்த மீன்குழம்பைக் கொண்டு போன அன்றுதான் தெரிந்தது.

லாத்தா அஸர் தொழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் கட்டிலில் அந்த ஆள். கையில் பெல்ட், பக்கிள் கீழே தொங்கியபடி.

தொழுகையில் நிற்பவரை அடித்தால் கை விளங்காமல் போகும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பயமாம். அந்த ஒரு பயம்தான்.

"முடிச்சிட்டு வாட்டி. எம்புட்டு நேரம் நிப்பேன்னு நானும் பாக்கேன்."

நான்காவது ரக்அத் முடிந்தது. இனி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்க வேண்டும். முகத்தை வலது பக்கம் திருப்ப வேண்டும். வலது பக்கம்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

லாத்தா திருப்பவில்லை. எழுந்து நின்றார். ஐந்தாவது. ஆறாவது. அஸரில் ஐந்தாவது ரக்அத் கிடையாது... நான் அப்படிச் சொல்லித் தரவில்லை.

கடைசியில் கால் நடுங்கி உட்கார்ந்தார். ஸலாம் கொடுத்தார். இடது பக்கம் திரும்புவதற்குள் முடியைப் பிடித்து இழுத்தான். பக்கிள் காதைக் கிழித்தது. குழம்பைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

உம்மா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். "கைய எடுலே! ஒன் கை அழுகிப் போவ!"

"எம் பொண்டாட்டிய நான் அடிக்கேன். ஒங்க சோலியப் பாருங்க."

பிறகு புத்தகம் பார்த்து லாத்தாவிடம் சொன்னேன். "உயிருக்கு ஆபத்துன்னா தொழுகையை முறிக்கலாம் லாத்தா. பாம்பு வந்தாக்கூட முறிச்சிட்டு ஓடலாம்."

"முறிச்சிட்டு எங்கன ஓட? அதுக்குள்ள நிக்க நேரந்தான் பிள்ள அடி விழாது."

முந்தாநாள் சாவுச் செய்தி கேட்டு ஓடியபோது அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்தது. உம்மா விரித்துப் பார்த்தார். நெற்றி வைக்கும் இடத்தில் ரத்தம்.

அன்றைக்கே அடக்கம் செய்யப் பார்த்தார்கள் அவன் வீட்டார். எங்கள் தெருவில் பெண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்டுகிற பாத்துமுத்து மாமியை அவசரமாக அழைத்து வந்தார்கள். மாமி துணியை விலக்கினார். முதுகைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

வாசலுக்கு வந்து அவனுடைய அண்ணனைக் கேட்டார். "வழுக்கி விழுந்தவ முதுகுல பெல்ட்டு எப்படிவே பதியும்? நான் தண்ணி ஊத்த மாட்டேன். போலீசு வரட்டும்."

"மையித்தப் போட்டு வைக்கக் கூடாது மாமி. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்பம் நீரே வந்து குளிப்பாட்டும்."

பெண்ணின் மையித்தை அந்நிய ஆண் குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டாமல் அடக்கவும் முடியாது. வேறு பெண்களைத் தேடித் தெருத்தெருவாகப் போனார்கள். ஒருவரும் வரவில்லை. அதற்குள் உம்மா போலீசுக்குப் போன் செய்துவிட்டார்.

போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும் அந்த ஆள் கத்திக்கொண்டே ஏறினான். "எப்பப் பாத்தாலும் தொழுக, தொழுக... மனுசன் எம்புட்டுக்குத்தான் பொறுப்பான்?"

நேற்று போஸ்ட்மார்ட்டம் முடிந்து லாத்தாவைக் கொண்டு வந்தார்கள். பாத்துமுத்து மாமி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிட்டார்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை மையித்துக்கும் செய்விப்பார்கள். முதலில் கைகள். செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் மடமடவென்று கொட்டியது.

"பைய ஊத்து பிள்ள. அவளுக்கு வலிக்கும்."

பைய ஊற்றினேன் லாத்தா.

அல்லாஹ்விடம் பத்திரமாக இருங்கள்.