கவ்வாத்துக்குத் தப்பிய செடி

சென்ற ஏப்ரலில் மூன்று நாள் பந்தலூர்ப் பக்கம் போயிருந்தேன். தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும் என்று படித்திருந்தேனே தவிர, பார்த்ததில்லை. கவ்வாத்து சமயத்தில், அதாவது செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும்போது, கூடுகள் எளிதாகக் கண்ணில் படும் என்றாள் தோழி. அதன்பின் அவை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

கூடலூரில் தங்கினேன். காலை 6.40 பேருந்து. பந்தலூர் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது. அனுமதியை முன்பே வாங்கியிருந்தேன்.

சரிவில் ஏழு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய வரிசைகளுக்கு நடுவே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. அது மாரிமுத்துவின் வரிசை. நாற்பது வயதிருக்கும், சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். கூடு உள்ள செடியைக் குஞ்சு பறக்கும்வரை அவர் வெட்டுவதில்லை.

“குருவிக்குத் தனி லயத்து வீடே குடுத்துட்டான். இவன் பொண்டாட்டி அஞ்சு வருசமா கூரைய மாத்தச் சொல்லிக் கேக்குறா,” என்றார் பக்கத்து வரிசைக்காரர்.

“ஒங்க வரிசையப் பாருங்கண்ணே. நாய் கடிச்ச மாதிரி இருக்கு,” என்றார் மாரிமுத்து, கத்தியை நிறுத்தாமல்.

அப்போது வந்த சூப்பர்வைசர், வரிசை கெடுகிறது என்று எல்லார் முன்னிலையிலும் அவரைத் திட்டினார். “மூணு வாரம் குடுங்க சார். லீவு நாள்ல வந்தாவது நானே வெட்டிர்றேன்,” என்று அவகாசம் கேட்டு வாங்கினார் மாரிமுத்து. பிறகு என்னிடம், “பாத்துக்குங்க. கூட்டத் தொட்டுராதீங்க,” என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு டீ குடிக்கப் போனார்.

நான் தொடவில்லை. கூட்டின் மேல் இரண்டு கிளைகள் கவிந்திருந்ததால் படத்துக்கு வெளிச்சம் போதவில்லை. அவற்றை ஒதுக்கி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டினேன். இளஞ்சிவப்பில் புள்ளியிட்ட இரண்டு முட்டைகள். திடீரென்று மழை பிடித்தது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கிளைகளை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனபோது மாரிமுத்து அந்தச் செடியருகே நின்றிருந்தார். கூடு காலி. முட்டை ஓட்டின் ஒரு துண்டு கீழே கிடந்தது. குருவிகள் இரண்டும் சில்வர் ஓக் மரத்தில் இருந்து கத்திக்கொண்டிருந்தன. அவர் ரப்பர் பேண்டை அவிழ்த்து நீட்டினார்.

“இது ஒங்களதா?”

“ஆமாங்க.”

“மேல மூடியிருந்துச்சு. அதான் காக்கா கண்ணுக்குப் படாம இருந்துச்சு.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். “எங்கிட்ட எதுக்கும்மா,” என்றார். குனிந்து கத்தியை எடுத்தார். ஏழெட்டு வெட்டுதான். வரிசை நேராகிவிட்டது. முந்தின நாள் கேலி செய்தவர் தலை நிமிரவில்லை.

படம் தெளிவாக வந்திருக்கிறது. இங்கே போடவில்லை. அன்பாகப் பார்ப்பவர் கண்ணும் கூட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பது, கூடுகளைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் மழைக்கோட்டும் பைனாகுலரும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது. மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெட்டிய சரிவில் ஒரு செடி மட்டும் நிற்கக் கண்டால், பத்தடி தள்ளியே நில்லுங்கள். அதற்காக யாரோ திட்டு வாங்கியிருப்பார்.